திருடன் ஒன்றும் எடுக்கவில்லை, பூட்டைத்தான் கெடுத்துவிட்டுப் போனான்

காலை ஆறரை மணிக்கு அயர்ன் வண்டி அண்ணன்தான் கீழிருந்து குரல் கொடுத்தார். "சார், உங்க காரைக் கொஞ்சம் வந்து பாருங்க." அவர் அப்படிக் கூப்பிட்டால் வழக்கமாக ஒரே காரணம்தான், தண்ணீர் லாரி வந்திருக்கும், வண்டியை நகர்த்த வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு பனியனோடு இறங்கிப் போனேன். லாரி எதுவும் இல்லை. அண்ணன் டிரைவர் பக்கக் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டில் நிற்பவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

சாவி துவாரத்தைச் சுற்றியிருந்த வெள்ளி நிற மூடி பிய்ந்து வெளியே வளைந்திருந்தது. துவாரமே ஒரு சுற்று பெரிதாகத் தெரிந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கோடுகள் நான்கைந்து, அதில் ஒன்று பெயிண்டைத் தாண்டிச் சாம்பல் பிரைமர் வரை போயிருந்தது. மேலே, கண்ணாடிச் சட்டத்தின் பின் மூலையில் கருப்பு ரப்பர் பீடிங் நான்கு விரல் நீளத்துக்கு வெளியே பிதுங்கித் தொங்கியது. கண்ணாடி உடையவில்லை. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு கார் ஷெட் கிடையாது. வாடகை வீட்டில் கீழே நான்கு பைக் நிறுத்த இடம் உண்டு, கார் தெருவில்தான். சென்னையில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பதினோரு வருடமான ஹேட்ச்பேக், அதை யார் தொடப்போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் இத்தனை நாளும் தூங்கினேன். ஆனால் அவனுக்கு வேண்டியது கார் இல்லை. சாவிக்குள் சிப் இருக்கிற வண்டி அது, கதவைத் திறந்து உட்கார்ந்தாலும் இன்ஜின் சும்மா கிளம்பாது. பின் சீட்டில் ஒரு கருப்புப் பை இருந்தது. பார்த்தால் லேப்டாப் பை. உண்மையில் அது அலுவலகத்தில் இலவசமாகக் கொடுத்த பை, முந்தின நாள் டிபன் கேரியரும் ஒரு குடையும்தான் அதில் இருந்தன. "காஞ்சுபோன சாம்பாருக்காகவா இவ்ளோ கஷ்டப்பட்டான்" என்று என் மனைவி பிறகு சிரித்தாள். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நான் செய்த முதல் முட்டாள்தனம். ரிமோட்டை அழுத்தினேன், நான்கு கதவும் 'டக்'கென்று திறந்தன. அத்தோடு விட்டிருக்கலாம். "பூட்டு வேலை செய்யுதா பாப்போம்" என்று சாவியைத் துவாரத்தில் நுழைத்தேன். பாதி போய் நின்றது. கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே ஏதோ நறுக்கென்று முறிகிற சத்தம் கேட்டது, சாவி இன்னும் கொஞ்சம் போனது, அப்புறம் வெளியே வர மறுத்தது. ஐந்து நிமிடம் ஆட்டி ஆட்டித்தான் உருவினேன். திருடன் உடைத்தது பாதி என்றால் மீதியை நான் உடைத்தேன் என்று பின்னால் பூட்டுக்காரர் சொன்னார். குத்திக் கிளறிய துவாரத்தில் சாவியை விடவே கூடாது. சாவி உள்ளேயே ஒடிந்துவிட்டால் அது தனிச் செலவு, அதுவும் சிப் வைத்த சாவி என்றால் பூட்டை விட அதிகம். தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று எதிர்வீட்டுப் பெரியவர் பாட்டிலோடே வந்துவிட்டார். நல்லவேளை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார் பூட்டுக்குள் எண்ணெய் போனால் தூசியெல்லாம் அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். பூட்டுக்கு கிராஃபைட் தூள்தான் சரி.

தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் தொட்ட பிறகுதான் எடுத்தேன். இருந்தாலும் எடுத்தது உதவியது. தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டும் தெருவும் தெரிகிற மாதிரி ஒன்று, துவாரம் கிட்டத்தில் ஒன்று, பீடிங் ஒன்று, கீழே தரையில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து ஒன்று. தரையில் வெள்ளி மூடியின் சின்னத் துண்டு கிடந்தது, அதை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் சென்னை போலீஸ் 'மூன்றாவது கண்' என்று சொல்லித் தெருத் தெருவாக கேமரா வைக்கச் சொன்னபோது மூன்று வீடு தள்ளியிருப்பவர் ஒன்று வைத்தார். அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கேமரா படம் பதிவாகிற பெட்டி நிரம்பியதும் பழையது தானாக அழிந்து மேலேயே புதியது பதிவாகும், அதனால் அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. கேமரா அவர் கேட்டைத்தான் பார்த்தது, ஓரத்தில் என் காரின் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. இரண்டே முக்கால் மணிக்குத் தொப்பி போட்ட ஒருவன் வருகிறான், டிரைவர் பக்கம் போய் மறைகிறான், ஒன்றரை நிமிடம் ஒன்றும் இல்லை, அப்புறம் தெருமுனையில் பைக் வெளிச்சம் விழுகிறது, சாவகாசமாக நடந்து போய்விடுகிறான். ஓடக்கூட இல்லை. அந்த நடையைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

காவல் நிலையத்துக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. மாமனார் "ஒண்ணும் போகல, எதுக்கு அலையணும்" என்றார். நான் போனேன். உள்ளே இருந்தவர் முதலில் கேட்ட கேள்வியும் அதேதான், "என்ன சார் போச்சு?" ஒன்றும் போகவில்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பூட்டை உடைத்திருக்கிறான், கேமராவில் ஆள் தெரிகிறான், எழுதிக்கொடுக்கிறேன், புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் போதும் என்று பொறுமையாகச் சொன்னேன். ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கொடுத்தார்கள். அதற்குக் காசு கிடையாது, யாருக்கும் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. ஐபிசி 379, 511 என்று நாம் கேட்டுப் பழகிய எண்கள் 2024 ஜூலை 1 முதல் மாறிவிட்டன. பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303, குற்ற முயற்சி 62. மனுவில் பிரிவு எண்ணெல்லாம் நாம் எழுத வேண்டியதில்லை. தேதி, நேரம், இடம், வண்டி எண், என்ன சேதம், கேமரா யார் வீட்டில் இருக்கிறது, இவ்வளவு போதும். நாளைக்கு இன்சூரன்ஸ் கேட்டாலும் சரி, அதே தெருவில் வேறு ஒரு கார் போய் அவன் மாட்டினாலும் சரி, நம்மிடம் ஒரு தாள் இருக்கும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வேண்டாம் என்று விட்டேன். முதலில், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு ரூபாய் வராது. முழு பாலிசி இருந்தால் திருட்டு, உடைப்பு, வேண்டுமென்றே செய்த சேதம் எல்லாம் நம் வண்டி சேதப் பகுதியில் வரும். எனக்கு அது இருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் போய்க் கேட்டால், பூட்டு தனியாக வராது, லாக் செட்டாகத்தான் வரும் என்றார்கள். அதாவது டிரைவர் கதவு, டிக்கி, ஸ்டியரிங் பக்கத்து இக்னிஷன், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புதுப் பூட்டு, இரண்டு புதுச் சாவி, சாவியை வண்டியின் கணினிக்கு அறிமுகப்படுத்துகிற வேலை, கதவுக்கு ஒரு பேனல் பெயிண்ட். 14,200 ரூபாய் எஸ்டிமேட். அதில் பாகங்கள் மட்டும் 8,000 சொச்சம்.

பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். பிளாஸ்டிக், ரப்பர் என்றால் வண்டிக்கு என்ன வயதானாலும் பாதிதான். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் இவ்வளவு பழைய வண்டிக்கு எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு மேல் 1,500 சிசி வரை உள்ள கார் என்றால் நாம் போட வேண்டிய கட்டாயப் பங்கு 1,000 ரூபாய். இதெல்லாம் கூடத் தேவலை. நான் ஆறு வருடமாக க்ளைம் போடாமல் 50 சதவீத நோ க்ளைம் போனஸில், அதாவது க்ளைம் போடாததற்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடியில் இருந்தேன். இந்த ஒரு க்ளைம் போட்டால் அது பூஜ்யம். மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50-க்கு வர ஐந்து வருடம். கையில் வருவதையும் அடுத்தடுத்த வருடங்களில் பிரீமியத்தில் போவதையும் கூட்டிக் கழித்தால் எனக்கு நஷ்டம்தான் வந்தது. கண்ணாடி உடைந்து, கதவு நசுங்கி, ஸ்டீரியோ போயிருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். சேதம் நடந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் மட்டும் கொடுத்துவிட்டு முடிவைப் பிறகு எடுக்கலாம், தாமதமாகச் சொன்னால்தான் வம்பு செய்வார்கள்.

சரி, க்ளைம் வேண்டாம், 14,000 கொடுக்கவும் மனசில்லை. ரிமோட்டில்தான் திறக்கிறதே. பீடிங்கைக் கையால் உள்ளே திணித்தேன், கீறல் மேல் என் மகள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள், அப்படியே மூன்று வாரம் ஓட்டினேன். எத்தனையோ பேர் வருடக்கணக்கில் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாவது வாரம் காஞ்சிபுரத்தில் மைத்துனர் மகள் கல்யாணம். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. சீர்வரிசைத் தட்டுகளில் பாதி எங்கள் காரில், அதில் தாலிக்கூறைப் புடவைத் தட்டும் உண்டு. மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தி, பூட்டிவிட்டு, முதலில் போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்று போனேன். திரும்பி வந்து ரிமோட்டை அழுத்தினால் ஒன்றும் இல்லை. கிட்டே வைத்து அழுத்தினேன், கண்ணாடியில் ஒட்டி வைத்து அழுத்தினேன், தாடையில் வைத்து அழுத்தினால் தூரம் போகும் என்று ஒருவர் சொன்னார், அதையும் செய்தேன். ஒரு வாரமாகவே இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் வேலை செய்தது. உள்ளே இருக்கிற 2032 பட்டன் செல் தீர்ந்துகொண்டே வந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

சாதாரணமாக அந்த இடத்தில் என்ன செய்வோம், சாவியைப் போட்டுத் திருப்புவோம். சாவி போடுகிற இடத்தில்தான் சல்லடை இருக்கிறதே. இந்த மாதிரி வண்டிகளில் இடது பக்கக் கதவுக்குச் சாவி துவாரமே வைப்பதில்லை. அத்தை மூச்சு விடாமல் பேச ஆரம்பித்துவிட்டார். "புடவைத் தட்டு இல்லாம மேடையில என்னத்த வெக்கறது? மூணு வாரமா ஒரு பூட்டை மாத்தத் துப்பில்ல உனக்கு?" பதில் சொல்ல வாயில்லை.

என் வண்டியில் டிக்கிக்குத் தனிச் சாவி துவாரம் உண்டு. அதை நான் மறந்தே போயிருந்தேன். டிக்கியைத் திறந்து, மேலே உள்ள தட்டை எடுத்து, பின் சீட்டின் இரண்டு குமிழையும் இழுத்து முன்னால் மடக்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலையை முன்னால் விட்டு உள்ளே ஊர்ந்தேன். பின் கதவை உள்ளிருந்து திறந்த அடுத்த நொடி அலாரம் அலறத் தொடங்கியது. நாதஸ்வரத்தை மீறி அலறியது. மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் வாசலுக்கு வந்து பார்க்கையில் நான் சீர்த் தட்டுகளுக்கு நடுவில் நான்கு காலில் இருந்தேன். முன் சீட்டுக்குத் தாவிச் சாவியை இக்னிஷனில் போட்டுத் திருப்பிய பிறகுதான் அடங்கியது. அன்று முழுக்க "கார் திருடுற மாமா" என்று குழந்தைகள் என்னைச் சுற்றி வந்தார்கள். எல்லா வண்டியிலும் டிக்கிக்குச் சாவி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் உள்ளேயிருந்து லீவர் இழுத்துத் திறக்கிற டிக்கி மட்டும்தான் என்றால், டிரைவர் கதவுத் துவாரம் ஒன்றுதான் உங்களுக்கு இருக்கிற ஒரே வழி. கார் பேட்டரி செத்தாலும் இதே கதைதான், ரிமோட்டில் புது செல் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதோடு பேட்டரி இருப்பது பானெட்டுக்குள், பானெட் லீவர் இருப்பது பூட்டின கதவுக்குள்.

ஊர் திரும்பிய மறுநாள் சாவி போடுகிறவர் ஒருவரை விசாரித்துப் பிடித்தேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கருப்புக் குடையும் தகரப் பெட்டியுமாக உட்கார்ந்திருப்பவர், அறுபது வயதிருக்கும். வந்தவுடன் வண்டியைப் பார்க்கவில்லை, "ஆர்சி காட்டுங்க சார்" என்றார். செல்போனில் காட்டியதை வாங்கி, நம்பர் பிளேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார். அதைக் கேட்காத பூட்டுக்காரரிடம் வேலை கொடுக்காதீர்கள். நம் சாவியின் கணக்கு அவர் கைக்குப் போகிறது, சாதாரண விஷயம் இல்லை.

"லாக் செட்டெல்லாம் எதுக்கு சார், ஒரு பேரல் வாங்கிட்டு வாங்க, உங்க சாவிக்கே ஏத்திடறேன்" என்றார். பேரல் என்பது சாவி உள்ளே போய்த் திரும்புகிற உருளை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் அந்த மாடலுக்குக் கதவுப் பேரல் தனியாகவே கிடைத்தது, 650 ரூபாய், அதற்கென்று ஒரு சாவியோடு. புதுப்பேட்டைக்குப் போனால் பழைய கதவிலிருந்து கழற்றியது இன்னும் குறைவாகக் கிடைக்கும். ஆனால் அவரே வேண்டாம் என்றார், தேய்ந்த பேரலுக்குத் தேய்ந்த சாவியைப் போட்டால் ஆறு மாதம்கூட வராதாம்.

கதவின் உள் அட்டையை, டோர் பேடு என்பார்கள், அதைக் கழற்றுவதை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கைப்பிடிக்குப் பின்னால் மூடிக்குள் ஒரு ஸ்க்ரூ, கை வைக்கிற இடத்துக்கு அடியில் இரண்டு, அப்புறம் ஓரமாக விரலை விட்டு இழுத்ததும் கிளிப்புகள் டப் டப்பென்று விட்டு வந்தன. உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் தாள், கருப்புப் பசையில் ஒட்டியிருந்தது. அதைக் கிழிக்காமல், பலாப்பழத் தோலை உரிப்பது மாதிரி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். உள்ளே கையை விட்டுக் குதிரை லாடம் போல வளைந்த ஒரு தகட்டு கிளிப்பை உருவியதும் பேரல் வெளிப்பக்கமாக வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினார். நகத்துண்டு அளவில் இரண்டு பித்தளைத் துணுக்கும் ஒரு முடி போன்ற ஸ்பிரிங்கும் விழுந்தன. "இது அவன் பண்ணது," ஒன்றைக் காட்டினார். "இது நீங்க பண்ணது. பாருங்க, முறிஞ்ச எடம் பளபளன்னு புதுசா இருக்கு."

பேரலுக்குள் எட்டு மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஸ்பிரிங். தகடுகளில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கிறது. நம் சாவியின் பல் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற எண் தகடு அந்த இடத்தில் இருந்தால், சாவி உள்ளே போனதும் எல்லாத் தகடும் பேரலின் மட்டத்துக்கு இறங்கிவிடும், அப்போதுதான் திரும்பும். ஒன்று துருத்திக்கொண்டு நின்றால்கூடத் திரும்பாது. புதுப் பேரலின் தகடுகளைக் கொட்டினார், பழையதில் பிழைத்தவற்றை எடுத்தார், இல்லாத எண்ணுக்குத் தன்னுடைய பழைய தைல டப்பாவிலிருந்து இரண்டு எடுத்தார். என் சாவியைப் போட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஏழு சமமாக இருந்தன, ஒன்று மட்டும் விரலில் லேசாகத் தட்டியது. அதை உருவி அரத்தில் இரண்டே இழுப்பு இழுத்துத் திரும்பப் போட்டார். என் பழைய சாவி வெண்ணெயில் போவது மாதிரித் திரும்பியது. இக்னிஷனுக்கும் கதவுக்கும் டிக்கிக்கும் அதே ஒரே சாவி, சிப்பைத் தொட வேண்டிய வேலையே இல்லை. புது பேரலோடு வந்த சாவி இனி குப்பைக்கு.

வேலை செய்துகொண்டே அவர் சொன்ன ஒன்று எல்லோருக்கும் உபயோகப்படும். சாவி உள்ளேயே போகவில்லை என்றால் வாய்ப்பகுதி நசுங்கியிருக்கிறது அல்லது தகடு முறிந்திருக்கிறது. உள்ளே போகிறது, திரும்பவில்லை என்றால் தகடுதான். ஆனால் சாவி பாட்டுக்குச் சுகமாகச் சுற்றுகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை என்றால் பேரல் நன்றாகவே இருக்கலாம், பேரலிலிருந்து லாக்குக்குப் போகிற கம்பியைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கிளிப் விட்டிருக்கும். "இருபது ரூவா கிளிப்பு சார். அதுக்குப் போயி லாக் செட்டே மாத்திட்டு வந்தவங்க இருக்காங்க." என் கதவில் கம்பியும் லேசாக வளைந்திருந்தது, கட்டிங் பிளேயரால் நிமிர்த்தினார்.

கதவை மூடுவதற்கு முன்னால் அவர் செய்த சோதனையை அப்படியே கற்றுக்கொள்ளுங்கள். கதவு திறந்திருக்கும்போதே அதன் ஓரத்தில் உள்ள கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தட்டி, மூடிய நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு சாவியால் பூட்டினார், வெளிக் கைப்பிடியை இழுத்தார், விடவில்லை. சாவியால் திறந்தார், இழுத்தார், கொக்கி விட்டது. உள் கைப்பிடி, ரிமோட், எல்லாவற்றிலும் இதே போல. நான்கு தடவை பார்த்த பிறகுதான் கதவை மூடினார். அவசரப்பட்டு முதலிலேயே மூடிவிட்டு, உள்ளே கம்பி மாட்டவில்லை என்றால், மூடிய கதவைத் திறப்பதற்கு டோர் பேடையே உடைக்க வேண்டிவரும். கூலி 800. ஆக மொத்தம் 1,450, மூன்று வாரம் முன்னால் இதைச் செய்திருந்தால் காஞ்சிபுரத்தில் மானம் போயிருக்காது.

பீடிங் பக்கம் கதை தனி. தாம்பரம் தாண்டி வேகம் எடுத்ததும் டிரைவர் பக்கம் விஸ்ஸென்று ஒரு விசில் சத்தம் வருவதைக் கல்யாணத்துக்குப் போகும்போதே கேட்டேன், கண்ணாடி சரியாக ஏறவில்லை என்று நினைத்து பத்துத் தடவை ஏற்றி இறக்கினேன். அவன் கதவுச் சட்டத்தின் மூலையை நெம்பி ஏதோ கம்பியை உள்ளே விடப் பார்த்திருக்கிறான், சட்டம் ஒரு நூல் வெளியே வளைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு தாளைக் கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். மற்ற இடத்தில் இறுக்கமாகப் பிடிக்கும், வளைந்த இடத்தில் சும்மா உருவி வரும். டிங்கர் கடையில் அந்த அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்காலைக் கதவுக்குக் கொடுத்து, சட்டத்தை இரண்டு கையால் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். அவ்வளவுதான். தாளை வைத்துப் பார்த்து இன்னொரு சின்ன அமுக்கு. சுத்தியல் எடுக்கவே இல்லை. 300 ரூபாய் வாங்கினார், அமுக்கியதற்கு இல்லை, எங்கே எவ்வளவு அமுக்குவது என்று தெரிந்ததற்கு என்று அவரே சொல்லிச் சிரித்தார். கீறலுக்கு முழுப் பேனல் பெயிண்ட் வேண்டாம் என்று பிரைமர் தெரிந்த கோட்டை மட்டும் டச் அப் செய்யச் சொன்னேன். கடற்கரை ஊரில் பெயிண்ட் போன இடத்தை அப்படியே விட்டால் துரு ஆரம்பித்துவிடும், அதற்கு மட்டும்தான் அது. பார்த்தால் தெரியத்தான் செய்கிறது. மகள் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிவிட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் அந்த வாரம் பெய்த மழையில் டிரைவர் பக்கக் கால்மிதி சொதசொதவென்று நனைந்திருந்தது. அந்த பிளாஸ்டிக் தாள்தான். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் அந்தத் தாளில் வழிந்து கதவின் அடித்துளைகள் வழியே வெளியே போக வேண்டும். கீழ் மூலையில் பழைய பசை பிடிக்காமல் தாள் வாய் பிளந்திருந்தது. போன் செய்ததும் பூட்டுக்காரரே வந்து, புதுப் பசை நாடா போட்டு ஒட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆனால் கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு காய நான்கு நாள் ஆனது, வண்டிக்குள் நனைந்த சாக்கு வாடை. யாரிடம் கதவைத் திறந்து வேலை செய்தாலும், டோர் பேடை மாட்டுவதற்கு முன்னால் கீழ் ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், முடிந்தால் கண்ணாடி மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள்.

ஸ்டியரிங் பூட்டு ஒன்று வாங்கினேன், மஞ்சள் கலரில் கம்பி மாதிரி வருமே, அது. அதனால் பெரிய பிரயோஜனம் இருக்கிறதா என்று கேட்டால் பதில் தெரியாது, வெளியிலிருந்து பார்க்கத் தெரிகிறது, அது போதும். பின் சீட்டில் எதுவும் வைப்பதில்லை, காலி பையைக்கூட. வண்டியைத் தெருவிளக்குக்கு அடியில், டிரைவர் பக்கம் தெருவைப் பார்த்தபடி நிறுத்துகிறேன். முன்பு சுவர் ஓரமாக டிரைவர் பக்கம் வருகிற மாதிரி நிறுத்துவேன், அவன் சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒளிந்துகொண்டு வேலை செய்ய நானே இடம் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது ரிமோட்டைத் தொடாமல் சாவியாலேயே ஒரு தடவை பூட்டித் திறக்கிறேன். திருப்பாமலேயே விட்டால் பூட்டு இறுகிப்போகும் என்று பூட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் அயர்ன் வண்டி அண்ணன் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை என் கார் இல்லை, எதிர்வீட்டுப் பெரியவருடையது, தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாரே, அவருடையதுதான். அதே வளைந்த மூடி, அதே கோடுகள். பெரியவர் ஒரு தடவை ரிமோட்டை அழுத்திக் காட்டினார். "தெறக்குது பாருங்க சார், ஒண்ணும் ஆகல." பூட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தேன், சேமித்துக்கொண்டார். அடுத்த மாதம் குடும்பத்தோடு திருப்பதி போகிறாராம், போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.